புடலங்காயும் பொஸ்பேட்டும்

அந்தக் கோடை முழுக்க, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீடு வந்தால் என் கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கும். உள்ளே கங்குன் கீரை ஒரு கட்டு, பச்சை மிளகாய் ஒரு பிடி, பையை விட்டு ஒரு முழம் வெளியே தலையை நீட்டிக்கொண்டு இரண்டு புடலங்காய். ஜெர்மனியில், வுப்பர்டாலுக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கிடக்கிற சிறு நகரம் எங்களுடையது. ஜூலையிலும் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்கிற குளிர். கடையில் புடலங்காய் வாங்கினால் விமானத்தில் வந்து களைத்துப்போன காய்தான் கிடைக்கும். அக்கா மாட்டிவிட்டுப் போகிற காயோ நகம் பட்டால் நீர் துளிர்க்கும். தேங்காய்ப் பால்கறி வைத்துச் சாப்பிட்டேன். தொலைபேசியில் கூப்பிட்டுப் புகழ்ந்தேன். ஆனால் இந்த ஊரில் இது எப்படி இவ்வளவு செழிப்பாகக் காய்க்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தண்ணீரைச் சோதிப்பது என் தொழில். சம்பளம் வாங்குவதே அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. என்னைவிட எட்டு வயது மூத்தவர், இரண்டு தெரு தள்ளியிருந்தவர். நான் பதினான்கு வயதில் பெற்றோருடன் இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே படித்து, ஆய்வுகூடத்தில் பழகி, கடைசியில் மாவட்ட நீர்வளப் பிரிவில் உத்தியோகத்தில் உட்கார்ந்தவள். அக்கா கலியாணம் கட்டி வந்து இறங்கிய மறுமாதமே ஒரு தக்காளிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்துக்குள் போனவர். முப்பது வருடம் அதற்குள்ளேயே இருந்தார். அவருடைய ஜெர்மன் முழுக்க விதைப் பைகளிலிருந்தும் உரப் பீப்பாய்களிலிருந்தும் பொறுக்கியது. வாடகை ஒப்பந்தம் வாசிக்க என்னைக் கூப்பிடுவார். ஆனால் ஒரு இலையின் ஓரம் மஞ்சளித்தால் அதற்குக் காரணம் மக்னீசியமா இரும்பா என்பதை ஜெர்மன்காரனுக்கே விளக்கிச் சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஓடைக்கரையால் நடப்போம். ஊருக்கு வெளியே, பழைய நெசவு ஆலைகளின் முதுகுப் பக்கமாக ஓடுகிற சின்ன ஓடை அது. நம்மவர்களில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. நான் குனிந்து கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கிற பூச்சிகளைப் பார்ப்பேன். அந்தப் பூச்சிகள் இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று பொருள். "மற்றப் பெட்டையள் நகைக்கடைக் கண்ணாடிக்குள்ளை பாக்கிறதை இவள் கல்லுக்கடியிலை பாக்கிறாள்" என்று அக்கா நக்கல் அடிப்பார். அடித்துவிட்டு, கையில் இருந்த மீன் ரோல்ஸைப் பாதியாகப் பிய்த்து என்னிடம் தருவார். என் வாழ்க்கையில் பேச்சும் வேலையும் இவ்வளவு இலேசாகக் கலந்து போன நேரம் வேறு இல்லை. அந்த ஞாயிறுகளுக்காக நான் எவ்வளவு ஏங்குகிறேன் என்பதைச் சொல்லக்கூட ஆளில்லை. சொல்ல வேண்டிய ஆள் அக்காதான்.

இந்த நாட்டில் கஞ்சா வளர்ப்பதற்குச் சட்டம் வழிவிட்ட காலத்தில்தான் அக்காவின் தக்காளிப் பண்ணை மூடப்பட்டது. புதிய சட்டத்தின்படி அதைக் கடை வைத்து விற்க முடியாது. ஆட்கள் சேர்ந்து சங்கம் அமைத்துத் தங்களுக்கென்று வளர்த்துக்கொள்ளலாம். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்கூட்டம், கூட்டக் குறிப்பு என்று முறைப்படி எல்லாம் உண்டு. எங்கள் ஆட்களுக்குச் சங்கம் என்றால் தமிழ்ப் பள்ளியும் பொங்கல் விழாவும்தான். ஆகவே, "நான் ஒரு சங்கத்திலை வேலைக்குச் சேந்திட்டன்" என்று அக்கா சொன்னபோது, எந்த விழாவுக்கு என்றுதான் கேட்டேன். "விழா இல்லைப் பிள்ளை, கஞ்சா" என்றார், வெங்காயத்தின் விலையைச் சொல்கிற குரலில்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தமிழ்க் கடையில் அக்கா உள்ளே நுழைந்தால் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சிக் காட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற மாமியாரிடம் அக்கா, "மூலிகை வளக்கிறன் மாமி" என்று சொல்லிவைத்திருந்தார். "நல்ல புண்ணியம் பிள்ளை" என்று அந்த மனிசி வாழ்த்தினாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உண்மையில் அக்கா அதில் ஒரு இலையைக்கூடப் புகைத்தது கிடையாது. மணமே தலையிடி தரும் என்று மூக்குக்குக் கீழே சித்தாலேபைத் தைலம் பூசிக்கொண்டு போவார். ஆனால் பயிரென்று வந்துவிட்டால் அவருக்குப் பேதமில்லை. முப்பது வருடம் கூடத்தில் ஒரு தொழிலாளியாக இருந்தவரை, சங்கத்தார் வளர்ப்புக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். ஓடையோரத்துப் பழைய ஆலையின் சாவி அவரிடம். கதவில் அவர் பெயர் எழுதிய பலகை. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். மறுநாளும் அனுப்பினார்.

"ஒரு நாள் வந்து பாரன் பிள்ளை. எப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு பார்" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். நான் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உத்தியோகத்தில் இருப்பவள் அங்கே விருந்தாளியாகப் போகக்கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். அதைவிட, நம்மவர்கள் யாராவது என்னை அந்த வாசலில் கண்டால் என்ன கதைப்பார்கள் என்ற பயமும் கொஞ்சம் இருந்தது. "வாறன் அக்கா, கட்டாயம் வாறன்" என்று எத்தனை தரம் சொன்னேன்.

அந்த ஆலையைப் பார்க்க அதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். வேலி எவ்வளவு உயரம், பூட்டு எத்தனை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வெளியே மணம் வருகிறதா என்று அளந்தார்கள். தண்ணீரைப் பற்றி அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: கழிவுநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். அந்த வரியை எழுதியது எங்கள் பிரிவு. எழுதியவர்கள் யாரும் சத்துநீர் என்பதை யோசித்திருக்கவில்லை. கஞ்சா பேராசைக்காரப் பயிர். உரம் கரைத்த தண்ணீரை வாரத்தில் பல தடவை கேட்கும். சட்டிகளுக்கு அடியால் வடிகிற மிச்சத்தில் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் கெட்டியாக நிற்கும். அதைக் குழாயில் ஊற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை. கடிதத்தை அவர் வாசித்தவர்தான். "கழிவெண்டால் ஒண்டுக்கும் உதவாதது. இது பசளைத் தண்ணியெல்லே" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கிணற்றடியில் குளித்த தண்ணீரைக்கூட வாழைக்கு வெட்டிவிடுகிற கை அது. ஆலைக்குப் பின்னால், ஓடையை நோக்கி இறங்குகிற புல் சரிவில் பாத்தி கட்டினார். உள்ளேயிருந்து காற்றாடி தள்ளுகிற சூடான காற்றுப் படுகிற இடத்தில் புடலுக்குப் பந்தல் போட்டார். வடிநீர் முழுவதையும் அதற்குப் பாய்ச்சினார். ஊரில் இருந்த பன்னிரண்டு தமிழ் வீடுகளுக்கு அந்தக் கோடையில் மரக்கறி அங்கிருந்துதான் போனது. மூக்கை உறிஞ்சிக் காட்டிய வீடுகளுக்கும் போனது.

ஆகஸ்ட் மாதத்தில் ஓடை பச்சைப் பாசி பிடித்தது. ஒரு ஞாயிறு, கல்லைப் புரட்டினால் அடியில் ஒன்றுமில்லை. வழுவழுவென்று சளிதான் கையில் வந்தது. சிறு மீன்கள் நாலைந்து கரையோரம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அக்கா நெஞ்சில் கையை வைத்துவிட்டார். "மேலை மாட்டுப்பண்ணைக்காரன் சாணித் தண்ணியை விட்டிருக்கிறான். நீ விடாதை பிள்ளை, போய்ப் பிடி" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். மறுநாளே மாட்டுப்பண்ணைக்கு மேலும் கீழும் மாதிரி எடுத்தேன். இரண்டு போத்தலும் சுத்தம். ஆலைக்குக் கீழே எடுத்த மூன்றாவது போத்தலில் பொஸ்பேட் மிதமிஞ்சி இருந்தது; முடிவு வந்தபோது, அந்தத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் முடிவு மாறியிருக்கவில்லை. பிறகு நிலவறையில் கிடந்த பழைய வரைபடங்களைக் கிண்டினோம். நெசவு ஆலைக் காலத்தில் அந்தப் புல் சரிவுக்கு அடியில் ஒரு களிமண் குழாய் புதைத்திருந்தார்கள். நேரே ஓடைக்குள் திறக்கிற குழாய். மேலே மண் ஒரு சாண்கூட இல்லை. புடல் குடித்தது கொஞ்சம். மீதியைக் குழாய் குடித்து ஓடையில் துப்பியிருந்தது.

பல் பிடுங்குவதற்கும் முடி வெட்டுவதற்கும் டெர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்த நேரம், கேட்கிற நாட்டில், சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுகிறவர்கள் இரண்டே கூட்டம்: நம்மவர்களும் எங்கள் பிரிவும். மாதிரி எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. போவதற்கு முதல் நாள் பின்னேரம் கைத்தொலைபேசியை எடுத்து அக்காவின் பெயர்வரை போனேன். பெயரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வைத்துவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய போத்தல்களுக்குச் சீட்டு ஒட்டினேன். அவர் எனக்கு யார் என்பதை எங்கள் பிரிவில் சொல்லி, வேறு ஒருவரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. நான் போனால் அக்காவுக்கு இலேசாக இருக்கும் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் நினைத்த முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதலிடம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ஜெர்மன் சக அதிகாரி ஒருவருடன் போனேன். கதவைத் திறந்த அக்கா என்னைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பானார். வேலைச் சட்டையோடு நான் நடைக்கு வந்த நாட்கள் பல உண்டு என்பதால் என் உடுப்பு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. "ஐயோ பிள்ளை! ஒரு சொல்லுச் சொல்லாமல் வந்து நிக்கிறாய்! இவர் ஆர், உன்ரை பெரியவரே? உள்ளை வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று என் கையைப் பிடித்தார். சக அதிகாரி அடையாள அட்டையைக் காட்டிக் காரணத்தைச் சொன்னார். அக்கா அதை வீட்டுக்கு வந்தவர் பெயர் சொல்வதுபோலக் கேட்டுத் தலையாட்டினார். தேநீர் வேண்டாம் என்று எனக்கும் சேர்த்துச் சக அதிகாரியே மறுத்தார்.

தண்ணீர் எங்கே போகிறது என்று சக அதிகாரி மெதுவாகக் கேட்டார். அக்காவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் எப்படி எழுதுவேன்! முப்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டதுபோல எங்களை நேராகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பந்தலைக் காட்டினார். பாய்ச்சுகிற குழாயைக் காட்டினார். ஒரு துளியும் வீணாவதில்லை என்று தன் விதைப்பை ஜெர்மனில் விளக்கினார். எத்தனை நாளுக்கு ஒருமுறை? கிழமைக்கு மூன்று தரம். எவ்வளவு? பீப்பாய்களைக் கையால் தட்டிக் காட்டினார். எப்போதிலிருந்து? சித்திரையிலிருந்து. ஒவ்வொரு பதிலும் அவருக்கு எதிரான வாக்குமூலம். சக அதிகாரி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். அந்த இடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். "பொறுங்கோ அக்கா" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும், அவர் புரிந்துகொண்டிருப்பார். அந்த இரண்டு சொல்லும் என் வாய்க்குள் வந்து நின்றது உண்மை. உத்தியோகத்துக்குத் துரோகம் என்று ஒரு மனம், ஓடையில் செத்துக் கிடந்த மீன் என்று ஒரு மனம். எந்த மனம் வென்றது என்று எனக்கு இன்றும் தெரியாது. போத்தல்களின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பிறகு சாயம் ஊற்றினோம். பாத்தியில் போகிற தண்ணீர் எங்கே வெளிவருகிறது என்று கண்டுபிடிக்க ஊற்றுகிற, தீங்கில்லாத சாயம் அது. மூன்று பேரும் ஓடைக்கரையில் நின்று பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கல்லிடுக்கிலிருந்து பச்சை கிளம்பி ஓடை முழுக்கப் பரவியது, திருவிழாச் சர்பத்துப் போல. அக்கா முதலில் வடிவாய் இருக்கிறது என்பதுபோலத்தான் பார்த்தார். அப்புறம் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னை, என் சட்டையை, என் காலடியில் இருந்த போத்தல் பெட்டியை. "அப்ப நீ..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. சக அதிகாரியிடம் திரும்பி, மீன் செத்தது இதனாலா என்று ஜெர்மனில் கேட்டார். பெரும்பாலும் அப்படித்தான் என்று அவர் சொன்னார். அக்கா ஈரமில்லாத கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

எங்கள் பிரிவு அக்காவைத் தண்டிக்கவில்லை. வடிநீரைச் சேர்க்க ஒரு தொட்டி வைக்க வேண்டும், வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும், பாத்தியை மூட வேண்டும் என்று சங்கத்துக்கு உத்தரவு போனது. ஆனால் சங்கத்தாருக்குப் பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூட்டம் கூடி, வாக்கெடுத்து, பொறுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அக்கா சாவியைத் திருப்பிக் கொடுத்த நாளில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் கதவைத் திறந்து, அவ படுத்திட்டா என்றார். பின்னேரம் நாலு மணி. உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. குளிர்காலம் வந்தபோது, அவர்கள் மகனோடு இருக்கக் கொலோனுக்குப் போய்விட்டதாகத் தமிழ்க் கடையில் சொன்னார்கள். என்னிடம் சொல்லாமல் போய்விட்டார் என்பதை ஒரு கடைக்காரர் வாயால், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது கேட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் கஞ்சா வளர்க்கிற எல்லா இடத்துக்கும் தண்ணீருக்கென்று தனிப் படிவம் வந்தது. நான்கு பக்கம். எழுதியவள் நான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: வடிநீர் கட்டிடத்துக்கு வெளியே வேறு எந்தப் பயிருக்காவது பாய்ச்சப்படுகிறதா? இது எதற்கு என்று எங்கள் பிரிவிலேயே கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன். அயல் மாவட்டங்கள் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகின்றன, கேள்வியும் சேர்ந்து போகிறது. போன மாதம் ஒரு சங்கத்தலைவர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். இப்படியெல்லாம் யார் செய்வார்கள் என்று கேட்டார். "நல்ல தோட்டக்காரர்கள்" என்றேன். அவர் பகிடி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். ஓடை இப்போது தெளிந்துவிட்டது. கல்லைப் புரட்டினால் பூச்சி ஓடுகிறது. பக்கத்தில் நக்கல் அடிக்க ஆளில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவ்வளவு நல்ல வேலையாக இல்லை.

இந்த வசந்தத்தில் கொலோனில் ஒரு சாமத்திய வீடு, பூப்பெய்திய பெண்ணுக்கான கொண்டாட்டம். மண்டபத்தின் மூலையில், மடியில் பேரப்பிள்ளையோடு அக்கா இருந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. ஓடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவர் பக்கத்துக் கதிரையில் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். போய் இருந்தேன்.

"ஆறு இப்ப சுகமே?" என்றார் முதலில். ஓடையை அவர் எப்போதும் ஆறு என்றுதான் சொல்லுவார். சுகம் என்றேன். பூச்சிகள் திரும்பி வந்ததை, மீன் குஞ்சு கண்டதை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். "அப்ப நல்லது" என்று மனதாரச் சொன்னார். அந்தத் துணிவில் நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, அண்டைக்கு நான் தமிழிலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை."

"சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பன். மீன் செத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அது பிழை. நீ செய்தது சரி" என்றார். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன். அக்கா குழந்தையின் காலில் கழன்றுகிடந்த காலுறையை இழுத்து மாட்டினார். மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "வேலை போனதும் போகட்டும், அது பரவாயில்லை. ஆனால் பிள்ளை, அண்டைக்கு நீ என்னைப் பாக்க வந்தனி எண்டெல்லோ நான் நினைச்சன்."

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். அவர் வீட்டு விலாசத்தை அவருடைய மகனிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். இங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. போக வேண்டும், வேறு ஒரு காரியமும் இல்லாமல், கையில் ஒரு போத்தலும் இல்லாமல், அவரைப் பார்க்க என்றே போக வேண்டும். இந்த ஞாயிறு போகலாம் என்று நினைத்திருக்கிறேன். நான்கு மாதமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதைத்தான் நினைக்கிறேன்.